அசைன்மென்ட்டில் 23, தேர்வில் 28: ஒரு அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா,

‘ராத்திரி 11 மணி வரைக்கும் லேப்டாப் முன்னாடிதான் உட்கார்ந்திருந்தான், அப்புறம் எப்படி சார் போச்சு?’ என்று, மகன் ஆன்லைன் பாடத்தின் தேர்வில் தவறியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். போன சனிக்கிழமை தம்பி, உங்கள் மகன்தான், என்னை வந்து பார்த்தார். உட்கார்ந்திருந்தது உண்மைதான்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஐஐடி போன்ற நிறுவனங்கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களில் வாராவாரம் வரும் அசைன்மென்ட்டுகளுக்கு 25, கடைசியில் மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழ் வேண்டுமென்றால் அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 என்று தனித்தனியாகத் தாண்ட வேண்டும். தம்பி வாங்கியது 23ம் 28ம். கூட்டினால் 51 வருகிறது, ஆனாலும் சான்றிதழ் கிடையாது.

கட்டிய ஆயிரம் ரூபாய் போனது பெரிதில்லை. வீட்டில் 25க்கு 23 வாங்குகிற பிள்ளை மையத்தில் 75க்கு 28 வாங்குவது எப்படி என்பதுதான் எனக்கு உறுத்தியது. கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: வீடியோவை இரட்டை வேகத்தில் ஓட்டுவாராம், அசைன்மென்ட் விடை நண்பர்கள் குழுவில் வந்துவிடுமாம். இதற்காகத் திட்டிவிடாதீர்கள். என்னிடம் வருகிற பிள்ளைகள் பலர் செய்வது இதுதான்.

பாடம் பைத்தான், கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் ஒரு மொழி. வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து எழுதிக் காட்டினேன். ‘அ’ என்று ஒரு லிஸ்ட், அதில் 1, 2, 3. அடுத்த வரியில் ‘ஆ = அ’. அதற்கடுத்து ‘ஆ’வின் கடைசியில் 4ஐச் சேர்க்கிறோம். (பைத்தானில் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம், நன்றாக ஓடும்.) இப்போது ‘அ’வைக் காட்டச் சொன்னால் என்ன வரும்?

தம்பி யோசிக்கவே இல்லை. ‘1, 2, 3’ என்றார். தட்டிப் பார்க்கச் சொன்னேன். 1, 2, 3, 4 வந்தது. ‘சார், இதை வீடியோவில் பார்த்தேனே!’ என்றார். பார்த்திருப்பார், தலையும் ஆட்டியிருப்பார்.

‘வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?’ என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே செல்லப்பெயரைச் சொன்னார். ‘அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு மொட்டை அடிச்சா, மார்க்ஷீட்டில் இருக்கிற பேருக்கு முடி இருக்குமா?’ ஒரு நிமிடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘ஒரே லிஸ்ட்டுக்கு ரெண்டு பேர், அவ்வளவுதானா சார்?’ என்றார். அவ்வளவுதான். தப்பாகச் சொல்லி, முழித்து, அவர் வாயாலேயே வந்த பதில் அது. இனி மறக்காது.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களைப் பிரித்து, ஒரு குழுவை ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்கவைத்தார்கள். இன்னொரு குழு முதலில் மட்டும் படித்தது, பிறகு மூன்று முறை பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது படித்த குழுவுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிய குழுவுக்கு 71. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் படித்த குழு 40, எழுதிய குழு 61. இதில் வேடிக்கை, தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியது படித்த குழுதான். தம்பியும் அந்த நம்பிக்கையோடுதான் தேர்வு மையத்துக்குப் போயிருக்கிறார்.

அதனால் அவரிடம் சொன்னது கொஞ்சம்தான். வீடியோ சாதாரண வேகத்தில் ஓடட்டும். ஆசிரியர் புரோகிராமை ஓட்டிக் காட்டும் முன் நிறுத்திவிட்டு, என்ன வரும் என்று நோட்டில் எழுத வேண்டும். அசைன்மென்ட்டை முதலில் தனியாகப் போட வேண்டும். எட்டு வாரப் பாடத்தில் சிறந்த ஆறு அசைன்மென்ட்டைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள், தாண்ட வேண்டியதும் 25க்கு 10தான். இரண்டு வாரம் சொதப்பினாலும் குடி முழுகாது. இவ்வளவு இடம் கொடுத்திருக்கும்போது விடையை வாங்கிப் போடுவதுதான் நஷ்டம். அந்த நண்பர்கள் குழுவை விட வேண்டாம். விடை கேட்பதற்குப் பதில், தான் போட்டதை அங்கே விளக்கிப் பார்க்கட்டும்.

உங்கள் பங்கு ஒன்று உண்டு. ‘எனக்குக் கம்ப்யூட்டர் ஒண்ணும் தெரியாது’ என்று எழுதியிருந்தீர்கள். ரொம்ப நல்லது, தெரியாதவருக்குச் சொல்லும்போதுதான் ஓட்டை தெரியும். ‘வீடியோ பார்த்தாச்சா?’ என்று மட்டும் கேட்காதீர்கள், ‘ஆச்சு’ என்பதோடு முடிந்துவிடும். தோசை ஊற்றிக்கொண்டே ‘இன்னைக்கு எந்த இடத்துல முழிச்ச?’ என்று கேளுங்கள். தமிழிலேயே சொல்லட்டும். ‘உனக்குப் புரியாதும்மா’ என்றால், பெரும்பாலும் அவருக்கே இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். துரத்த வேண்டாம், மறுநாள் கேட்கலாம்.

வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். அடுத்து வருவது நான் தாளில் எழுதிய மாதிரிக் கேள்விதான்.

ஜூலையில் அடுத்த சுற்றுப் பாடங்கள் தொடங்கும். சேர்வதற்குப் பணம் இல்லை, தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம், அதைக் கட்டவும் பாடம் தொடங்கிச் சில வாரம் அவகாசம் இருக்கும். மூன்று வாரம் இப்படிப் படித்துப் பார்த்துவிட்டு அப்புறம் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

போகும்போது அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். ‘அ’, ‘ஆ’ கதை என்னவென்று இன்றைக்கு ராத்திரி நீங்களே கேளுங்கள்.