சந்தா நோட்டும் குழந்தையின் காலணியும்

அன்புள்ள ஐயா,

தருமபுரியில் எங்கள் அப்பாக்கள் காலத்தில் தொடங்கிய சகோதர சங்கம் ஒன்றை நடத்திவருகிறோம். நாற்பது பேருக்குள்தான் உறுப்பினர்கள். மாதச் சந்தா வாங்கி, பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு என்று முடிந்ததைச் செய்கிறோம். போன வாரம் பெய்த மழையில் கட்டடம் ஒழுகி, பீரோவில் இருந்த பழைய மினிட் புத்தகங்கள், சந்தா நோட்டுகள், குரூப் போட்டோக்கள் நனைந்துவிட்டன. அடித்தட்டில் கரையானும் ஏறியிருக்கிறது. நிர்வாகக் குழுவில் சிலர் நினைவு மலர் போட்டு வரலாற்றைக் காப்பாற்றலாம் என்கிறார்கள். சிலர், சிவப்புத் தொப்பி போட்ட அமெரிக்க சகோதர சங்கம் குழந்தைகள் மருத்துவமனை நடத்துவதுபோல, நாமும் அரசு மருத்துவமனைக் குழந்தைகள் வார்டுக்கு ஒரு மெஷின் வாங்கித் தரலாம் என்கிறார்கள். எதை எப்படிச் செய்வது?

க., தருமபுரி

அன்புள்ள க. அவர்களுக்கு,

மலரும் மெஷினும் இருக்கட்டும். முதலில் நனைந்த நோட்டுகளைக் கவனியுங்கள். ஈரத்தாளில் இரண்டு நாளிலேயே பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும்; உங்களுடையதில் இந்நேரம் பிடித்திருக்கும். அதற்காக வெயிலில் போட்டுவிடாதீர்கள். தாள் முறுகும், மை வெளுக்கும். நிழலான அறையில் ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். லேசாக நனைந்த நோட்டை நிறுத்திவைத்துப் பக்கங்களை விரித்துவிடலாம். நன்றாக ஊறியதை நிறுத்தினால் கனம் தாங்காமல் தையல் பிய்ந்துவிடும். அதைப் படுக்கவைத்து, பத்து இருபது பக்கத்துக்கு ஒன்றாக அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் தாளைச் செருகி, ஈரம் இழுத்ததும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட பக்கங்களை நகத்தால் பிரிக்க வேண்டாம். ஊற்றுப் பேனாவின் நீல மை ஈரத்தில் ஓடும் என்பதால் துணியால் ஒற்றி எடுக்கவும் கூடாது. பூஞ்சையை ஈரமாக இருக்கும்போது தொட்டால் தாளுக்குள் இழுபடும். காய்ந்த பிறகு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியே வைத்து மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட போட்டோவை இழுத்தால் முகங்கள் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தோடு விட்டு, கண்ணாடி வழியாகவே முதலில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

கரையானுக்கான மருந்து சுவருக்கும் தரைக்கும்தான், தாளுக்கு இல்லை. நோட்டின் மேல் ஸ்பிரே அடித்தால் கறை பிடிப்பதோடு, பிறகு புரட்டுகிறவர் கையிலும் அந்த விஷம் ஒட்டும். பீரோவைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி, காலுக்குக் கட்டை கொடுத்து உயர்த்துங்கள். அப்போதுதான் மண் கோடு ஏறுவது கண்ணில் படும். இராமபாணப் பூச்சி இருந்தால், உலர்ந்த நோட்டை பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி டீப் ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே, இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்து ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் வெளிக்காற்றின் ஈரம் தாளில் முத்துமுத்தாகப் படியும்.

நல்லெண்ணத்தில் செய்கிற கெடுதல்களில் முதலாவது லேமினேஷன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது. செல்லோ டேப்பின் பசை சில வருஷத்தில் பழுத்து எழுத்தின் மேல் இறங்கும். குண்டூசி துருப்பிடித்துத் தாளைத் தின்னும், ரப்பர் பேண்ட் உருகி ஒட்டும். மூன்றையும் அப்புறப்படுத்திவிட்டுப் பருத்தி நாடாவால் கட்டினால் போதும்.

காய்ந்ததும் மொபைலிலேயே படம் எடுக்கலாம். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்தில் நோட்டைத் தட்டையாக வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். ஸ்கேனர் கிடைத்தால் எழுத்துப் பக்கங்களுக்கு 300 டிபிஐ, போட்டோவுக்கு 600. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருஷம், நோட்டு, பக்க எண் என்ற வரிசையில் வைத்தால் தானாக அடுக்கிக்கொள்ளும். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனத்தில், ஒன்றாவது வேறு கட்டடத்தில். மூலத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போட்டோவின் பின்புறம், ஓரத்தில், மென்மையான பென்சிலால் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் புடைக்கும். பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். தாளைவிட அவசரமானது அதுதான்.

எதை முதலில் படமெடுப்பது என்றால், மாலையும் சால்வையுமாக நிற்கும் குரூப் போட்டோவை அல்ல, சந்தா நோட்டையும் வவுச்சர் கட்டையும் எடுங்கள் என்பேன். போட்டோ யார் நின்றார்கள் என்று சொல்லும். மழை பொய்த்த வருஷத்தில் எத்தனை பேர் சந்தா கட்ட முடியாமல் போனார்கள், அப்போதும் யாருக்கு மருந்து வாங்கிக் கொடுத்தார்கள் என்று நோட்டு சொல்லும். ஆரம்பப் பதிவுத் தாள்கள் கிடைக்காவிட்டால் தேட வேண்டிய இடத்தையும் யோசியுங்கள். தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2. அதற்கு முந்தைய தாள் எல்லாம் சேலம் ஜில்லா என்றே இருக்கும். 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி பிரிந்தது. எனவே அங்குள்ள பழைய சங்கங்கள் தருமபுரியிலும் விசாரிக்க வேண்டியிருக்கும்.

நீங்கள் சொல்லும் சிவப்புத் தொப்பிக்காரர்கள் ஷ்ரைனர்கள். ஃப்ரீமேசன்கள் என்ற பழைய சகோதர சங்கத்துக்குள்ளிருந்து 1872இல் நியூயார்க்கில் உருவான அமைப்பு. கூடிக் களிக்கத் தொடங்கியது. 1920இல் போர்ட்லண்டில் கூடி, போலியோவாலும் பிறவிக் குறையாலும் நடக்க முடியாத குழந்தைகளுக்கு மருத்துவமனை என்று முடிவெடுத்தார்கள். அதற்கு வழி, ஆளுக்கு ஆண்டுக்கு இரண்டு டாலர் சந்தா. 1922இல் லூசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட்டில் முதல் மருத்துவமனை திறந்தது. முதலில் சேர்ந்தது கிளப்ஃபுட் என்கிற பிறவி வளைபாதம் உள்ள சிறுமி. பாதத்தின் மேற்புறத்தை ஊன்றி நடக்கப் பழகியிருந்தவள். அந்த இரண்டு டாலரைக் கவனியுங்கள். ஒருமுறை கொடுத்த பெரிய தொகையை நம்பி அவர்கள் இறங்கவில்லை. வருஷம் தவறாமல் வந்த சிறு தொகையை நம்பித்தான் இறங்கினார்கள். உங்கள் சங்கத்திடம் ஏற்கெனவே இருப்பதும் அதுதான்.

அதனால்தான் மெஷின் விஷயத்தில் எனக்குத் தயக்கம். மஞ்சள் காமாலைக் குழந்தைக்கான நீல விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பல்புகள் தேய்ந்த பிறகும் கண்ணுக்கு நீலமாகவே எரியும். குழந்தையின் தோலுக்குப் போதிய வெளிச்சம் போகிறதா என்பது மீட்டர் வைத்து அளந்தால்தான் தெரியும். ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவியில் முதலில் போவது கருவி இல்லை, குழந்தையின் பாதத்தில் சுற்றும் சென்சார். உதிரிக்கும் பராமரிப்புக்கும் யார் பணம் தருவது என்று எழுதிக்கொள்ளாத நன்கொடை, பெயர்ப் பலகையோடு மூலையில் நின்றுவிடும். கொடுப்பதென்றால் டீன் அனுமதியோடு குழந்தைகள் பிரிவுத் தலைமை மருத்துவர், வார்டு செவிலியர், பயோமெடிக்கல் இன்ஜினியர் மூவரிடமும் கேட்டபின் வாங்குங்கள்.

உங்கள் அளவுக்குப் பொருந்தும் வேலை ஒன்று உண்டு. அந்த ஷ்ரீவ்போர்ட் சிறுமிக்கு இருந்த வளைபாதமே. இன்று பொன்செட்டி முறையில் பெரிய ஆபரேஷன் இல்லாமலே பெரும்பாலும் சரியாகிறது. வாரம் ஒரு முறை பாதத்தை மெல்லத் திருப்பித் தொடைவரை மாவுக்கட்டு, ஐந்தாறு கட்டு. பிறகு பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணில் சின்ன வெட்டு, மூன்று வாரம் கடைசிக் கட்டு. அதன்பின் இரண்டு காலணிகளை ஒரு கம்பியில் பொருத்திய பிரேஸ். மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அப்புறம் நான்கு வயதுவரை தூங்கும்போதெல்லாம்.

சிகிச்சை தோற்பது பெரும்பாலும் இந்தப் பிரேஸில்தான். பாதம் நேராகிவிட்டது, குழந்தை அழுகிறது என்று கழற்றி வைக்கிறார்கள். பாதம் மறுபடி வளைகிறது. அழுகைக்குக் காரணம் அநேகமாகக் காலணி சின்னதாகிப் போனதோ, குதிகால் உள்ளே சரியாக அமராமல் உரசிப் புண்ணானதோதான். வளர வளரக் காலணி மாற்ற வேண்டும். ஆனால் சித்தேரியிலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ வருகிறவர்களுக்கு ஒவ்வொரு வருகையும் பஸ் கூலியோடு ஒரு நாள் சம்பளமும் போகிற கணக்கு. பாதிக் குடும்பம் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கும்.

சங்கம் அங்கே நுழையலாம். அரசு மருத்துவமனையில், பிறவிக் குறையுள்ள குழந்தைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் டி.இ.ஐ.சி. மையத்திலும் எலும்புப் பிரிவிலும் கேட்டு, அவர்கள் அனுப்பும் குழந்தைகளுக்கு மட்டும் பஸ் செலவு, ஒரு நாள் கூலி, அடுத்த அளவு காலணி என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு போடுங்கள்: அடுத்த வருகைத் தேதி, காலணி அளவு, இரண்டு போன் நம்பர், குடும்பம் இப்போது எந்த ஊரில் வேலை செய்கிறது. வருகைக்கு இரண்டு நாள் முன்னால் ஒருவர் போன் செய்ய வேண்டும். மாவுக்கட்டு போட்ட வாரங்களில் போனில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஐந்து விரலும் வெளியே தெரிகிறதா, அழுத்திவிட்டால் சிவப்புத் திரும்புகிறதா? விரல்கள் உள்ளே போயிருந்தால் கட்டு நழுவிவிட்டது என்று அர்த்தம். நிறம் திரும்பாவிட்டால் கட்டு இறுக்குகிறது. இரண்டிலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு வரச் சொல்லுங்கள்.

குழந்தையின் பெயரும் படமும் மலரில் வரக் கூடாது. காசோலையோடு நிறுத்தி எடுக்கும் போட்டோவும் வேண்டாம். மலரில் எத்தனை ஜோடி காலணி, எத்தனை பஸ் பயணம் என்று எண்ணாகப் போடுங்கள். பெயருள்ள நோட்டு பூட்டிய அலமாரியில் தனியாக இருக்கட்டும்.

தாங்க முடிந்தால் இரண்டு குழந்தையோடு ஆரம்பியுங்கள்; நான்கு வயதுவரை போக வேண்டிய செலவு என்பதைச் சந்தாக் கணக்கில் இப்போதே போட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால், இன்று சாயங்காலமே, அந்த பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்திவிடுங்கள்.