‘பிரஷர் ரிலீஸ்’ என்று பில்லில் தனியாக ஒரு வரி: கொடுக்கலாமா?

கேள்வி: என்னிடம் 2009 மாடல் பெட்ரோல் கார் இருக்கிறது. ஃபியூல் ஃபில்டர் மாற்ற எஸ்டிமேட் கேட்டேன். ஃபில்டர் விலை, அதற்கு மேல் ஜிஎஸ்டி, மாற்றும் கூலி, இவை போக ‘ஃபியூல் பிரஷர் ரிலீஸ் – ரூ.650’ என்று போட்டிருக்கிறார்கள். என் மச்சானோ, “அதெல்லாம் சும்மா. ஜே.சி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஃபில்டர் வாங்கிக் கொடு, அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டிலேயே மாற்றித் தருகிறேன்” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: இரண்டு பேர் பேச்சையும் முழுசாகக் கேட்க வேண்டாம். வேலை நிஜம், தனிக் கட்டணம்தான் வம்பு.

உங்கள் காரைப் போன்ற இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெட்ரோல் லைனுக்குள் பொதுவாக 3 முதல் 4 பார் அழுத்தம் இருக்கும். டயருக்கு 32 அடிக்கிறோமே, அந்தக் கணக்கில் 43 முதல் 58 வரை. வண்டியை நிறுத்தியதும் இது இறங்கிவிடாது. இன்ஜின் மறுபடி சட்டென்று ஸ்டார்ட் ஆவதற்காக, பம்பில் உள்ள வால்வு அதைப் பிடித்து வைத்திருக்கும். அந்த நிலையில் ஃபில்டரின் பைப்பைக் கழற்றினால் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். கண்ணில் படலாம், சூடான சைலன்ஸர் பைப்பில் விழலாம்.

கழற்றுவதற்கு முன் இந்த அழுத்தத்தை இறக்குவதுதான் ‘பிரஷர் ரிலீஸ்’. அது பெரிய வித்தை இல்லை. பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே அடைந்த காற்றை விடுவார்கள். ஃபியூஸ் பெட்டியில் ஃபியூல் பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்வார்கள். லைனில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் கொஞ்ச நேரம் ஓடி, இருமி, தானாக ஆஃப் ஆகும். இன்னும் ஓரிரு முறை செல்ஃப் அடித்துப் பார்த்து, கீயை எடுத்து, பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுவார்கள். அதற்குப் பிறகும் பைப்புக்குள் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும். அதனால் இணைப்பைச் சுற்றித் துணி வைத்து, கீழே ஒரு தட்டு வைத்துத்தான் கழற்றுவார்கள். புது ஃபில்டரில் உள்ள அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். எல்லாம் மாட்டி முடித்ததும் உடனே செல்ஃப் அடிக்காமல், கீயை இரண்டு மூன்று முறை ஆன் செய்து ஆஃப் செய்தால் பம்ப் ஓடி லைன் நிரம்பும். அப்போது குனிந்து கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீங்களும் கூட நின்று பாருங்கள்.

அழுத்தம் இறக்கும் பகுதி மட்டும் ஐந்து, பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஃபில்டரை மாற்றவே கூடாது என்னும்போது, மாற்றும் கூலிக்குள்ளேயே இதுவும் அடக்கம். “கூலி வாங்குறீங்க, அதுல இதுவும் சேர்ந்ததுதானே?” என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலும் அந்த வரியை அடித்துவிடுவார்கள்.

எஸ்டிமேட்டில் இன்னொன்று என் கண்ணில் பட்டது. ஃபில்டர் விலைக்கு மேல் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்த விலை. வரியைப் பில்லில் பிரித்துக் காட்டலாம்; கூட்டுத்தொகை எம்ஆர்பியைத் தாண்டக்கூடாது. பெட்டியை வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள், கழற்றிய பழைய ஃபில்டரையும் கேட்டு வாங்குங்கள். கூலிக்கு 18 சதவீதம் வரி உண்டு. ஆனால் பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லாதவர் அதை வசூலிக்க முடியாது. மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.

மச்சான் விஷயத்துக்கு வருவோம். கைத்திறமை இருக்கலாம், இடம்தான் தப்பு. பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது, பேஸ்மென்ட் தரையிலேயே படிந்து நிற்கும். சம்ப் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும்போது வரும் ஒரு பொறி போதும். ரூபாய் 650 மிச்சம் பிடிக்க முழுக் கட்டடத்தையும் பணயம் வைக்க வேண்டாம். ஜே.சி. ரோட்டில் ஃபில்டர் வாங்குவது நல்ல யோசனைதான். பில்லோடு வாங்குங்கள், பட்டறையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒன்று. பல பெட்ரோல் கார்களில் ஃபில்டர் டேங்குக்குள் பம்போடு சேர்ந்தே இருக்கும். வெளியே தனியாக இருக்காது. உங்கள் வண்டியின் கையேட்டில் மாற்றும் கெடு போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: டீசல் காருக்கும் இதே முறைதானா?
— வாசகி, ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: இல்லை. டீசல் ஃபில்டர் குறைந்த அழுத்தப் பக்கத்தில் இருப்பதால் அதை மாற்றுவது வேறு கதை. அங்கே தொல்லை காற்று. ஃபில்டரை மாற்றியதும் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றாவிட்டால், அதாவது ஏர் எடுக்காவிட்டால், வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். ‘ஏர் எடுத்தல்’ என்று தனியாகப் பணம் கேட்டால் அல்சூர்காரருக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும். ஆனால் காமன் ரயில் இன்ஜினில் (ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் வகை) இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புப் பைப்புகளில் 1,000 பாருக்கு மேல் அழுத்தம் ஏறும். ஊசிமுனைக் கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும். அப்படி ஆனால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தப் பைப்புகளை வீட்டில் யாரும் தொட வேண்டாம்.