பழைய வார்ப்பிரும்பா, புது வார்ப்பா? கேள்வி பதில்

பழைய இரும்புச் சாமான்களைப் பழுது பார்ப்பது என் தொழில். இராமநாதபுரம் கடற்கரை ஊர்க்காரர்கள் கேட்டவற்றில் எனக்குத் தெரிந்ததற்கெல்லாம் பதில் சொல்கிறேன். விலை மட்டும் கேட்க வேண்டாம்.

கீழக்கரை: காக்கா, எங்கள் பாட்டனார் மலாயாவிலிருந்து கொண்டுவந்த கரி இஸ்திரிப் பெட்டி இருக்கிறது, சேவல் கொண்டி வைத்தது. அதே மாதிரி ஒன்றை ராமேஸ்வரத்தில் விற்கிறார்கள். அது பழசா?

பக்கத்தில் வைத்துப் பார்க்க வீட்டிலேயே ஒன்று இருப்பது நல்லதாகப் போயிற்று, லாத்தா. முதலில் இரண்டையும் அளந்து பாருங்கள். பழைய பொருளையே மணலில் பதித்து அச்செடுத்துத்தான் நகல் வார்ப்பார்கள். உருகிய இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சுருங்கும். 20 சென்டிமீட்டர் பெட்டி என்றால் நகல் 2 மில்லிமீட்டர் குறைவாக வரும். அடுத்து சேவலின் இறகு, ஓரத்துப் பூவேலை. அசலில் கோடுகள் தெளிவாக இருக்கும், நகலில் மழுங்கிப் போயிருக்கும். மூடியும் பெட்டியும் சேரும் இடத்தையும் பாருங்கள். அந்தக் காலத்தில் அரத்தால் ராவி ஒட்ட வைத்தார்கள். இன்றைய அவசர வேலையில் இடைவெளி தெரியும், கிரைண்டர் போட்ட வளைந்த கீறல்கள் தெரியும். கூட்டல் குறித் தலை வைத்த திருகு 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் பின்னால் பழுது பார்த்தபோது யாராவது மாட்டியிருக்கலாம், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இதற்கெல்லாம் மேல் நான் நம்புவது தேய்மானத்தை. துணியில் ஓடிய அடிப்பாகம், கீல், கொண்டி விழும் இடம், இவைதான் தேய வேண்டும். கை படாத மூலைகூடத் தேய்ந்திருந்தால் அது வேண்டுமென்றே தேய்த்தது.

பரமக்குடி: காந்தம் ஒட்டினால் பழசுதானே?

இல்லை. நேற்று வார்த்த இரும்பிலும் காந்தம் ஒட்டும்.

ராமநாதபுரம்: சேதுபதி அரண்மனையில் 300 வருடத்துக்கு முன் புழங்கிய வார்ப்பிரும்புச் சட்டி என்று ஒருவர் கொடுக்கிறார். வாங்கலாமா அண்ணே?

அந்தக் கதைக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். நம் ஊர்ப் பழைய ஊதுலைகளில் இரும்பு தண்ணீராக உருகி ஓடாது. நுரைத்த கட்டியாக வரும், அதைச் சம்மட்டியால் அடித்துத்தான் சாமான் செய்தார்கள். அச்சில் ஊற்றிய இரும்பு நம் வீடுகளுக்குப் பரவலாக வந்தது 19ஆம் நூற்றாண்டில், கப்பல் வழியாக. பரங்கிப்பேட்டையில் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பு ஆலை நடத்தியதும் 1830களில்தான். 300 வருடத்துச் சட்டி என்றால் அதில் அடித்த தடம் இருக்க வேண்டும்.

பாம்பன்: 1964 புயலில் தனுஷ்கோடிக் கடலில் மூழ்கிய சட்டி என்று வாங்கினேன். மேலே பத்தையாகத் துரு. இவ்வளவு துரு இருந்தால் பழசு என்று நிச்சயமாகச் சொல்லலாம்தானே?

சொல்ல முடியாது. நம் கடற்கரையில் புதுச் சட்டியைக் கொல்லையில் போட்டால் உப்புக்காற்றே ஒரு மழைக்காலத்தில் துருவேற்றிவிடும். உப்புத் தண்ணீர் தெளித்துத் துருவேற்றி விற்பவர்களும் உண்டு.

மண்டபம்: அண்ணே, குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். அப்பா வலையில் ஒரு பழைய இரும்புக் குண்டு சிக்கியது. துரு அதிகம் இல்லை, ஆனால் கத்தியால் சீவினால் பென்சில் முனை மாதிரி கறுப்பாக உதிர்கிறது. இது இரும்புதானா?

இரும்பாக இருந்தது, தம்பி. வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் இழைகள் உண்டு. பல வருடம் கடலுக்குள் கிடந்தால் இரும்பு கரைந்து போய்விடும், கிராஃபைட் மட்டும் அதே உருவத்தில் நிற்கும். சீவினால் கறுப்பாக உதிர்வது அதனால்தான், எடையும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கும். அடித்த இரும்பு இப்படி ஆகாது, மரம் மாதிரி நார் நாராகப் பிரியும்.

பாம்பன்: என் சட்டி சீவினால் உதிரவில்லை. அப்படியானால் பொய்யா? கரை மணலில் கிடந்திருக்கலாமே?

கிடந்திருக்கலாம். ஆனால் உங்களுக்கு விற்றவர் சொன்னது கடலில் மூழ்கியது என்று. 60 வருடம் கடலடியில் இருந்த வார்ப்பிரும்பின் மேல்தோல் சுரண்டினால் இளகும். உங்களுடையதில் துருவுக்கு அடியிலேயே கெட்டி இரும்பு என்றால் கடல் கதை நிற்காது.

மண்டபம்: எங்கள் குண்டைக் காய வைக்கட்டுமா?

வேண்டவே வேண்டாம்! உப்பு உள்ளே இருக்கும்போது காய்ந்தால் வெடித்துப் பத்தையாகக் கழன்றுவிடும். வாஷிங் சோடா கரைத்த நல்ல தண்ணீரில் மூழ்க வையுங்கள், அவ்வப்போது தண்ணீரை மாற்றுங்கள். அப்புறம், சீவுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

தேவிபட்டினம்: காந்தம் வைத்துப் பார்த்தால்...

பரமக்குடிக்காரருக்குச் சொன்னதுதான்.

தொண்டி: பழைய பணியாரக்கல் என்று நிச்சயமாகத் தெரிகிறது. பணியாரம் சுடலாமா?

பணியாரக்கல்லோ சட்டியோ, யார் வீட்டிலிருந்து வந்தது என்று முதலில் விசாரியுங்கள். கடற்கரை ஊர்களில் வலைக்கு ஈயக்குண்டு வார்க்கப் பழைய இரும்புப் பாத்திரத்தில் ஈயம் உருக்குவது உண்டு. அது எவ்வளவு கழுவினாலும் போகாது, குழந்தைகளுக்குப் பெரிய கேடு. வரலாறு தெரியாத பாத்திரத்தைச் சுவரில் மாட்டுங்கள், அடுப்பில் ஏற்றாதீர்கள்.

ஏர்வாடி: வெள்ளைக்காரன் காலத்து எடைக்கல் என்கிறார்கள், மேலே 2 கிலோ என்று வார்த்திருக்கிறது.

கிலோ நம் கடைகளுக்கு வந்ததே 1956 சட்டத்துக்குப் பிறகு, 1958லிருந்துதான். அதற்கு முன் வீசை, சேர், பலம், ராத்தல். போலி என்று சொல்லிவிட முடியாது, நல்ல பழைய கல்லாகவே இருக்கலாம், வெள்ளைக்காரன் காலத்தது இல்லை. குழியில் அடைத்த ஈயத்தில் ஆய்வாளர் குத்திய முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

சாயல்குடி: சிங்கர் தையல் மெஷின் கால், மேலே மரப்பலகை போட்ட மேசை. பழசா?

காலை வைத்துச் சொல்வது கடினம், அதையும் நகல் வார்க்கிறார்கள். பெயர் எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, மிதி தேய்ந்திருக்கிறதா பாருங்கள். மெஷின் தலையும் இருந்தால் எண்ணைப் படியுங்கள், 1900லிருந்து எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து வரும்.

கீழக்கரை, இப்போது துபாய்: 100 வருடத்துக்கு மேற்பட்ட சாமானைக் கொண்டுபோகலாமா?

1972 தொல்பொருள் சட்டத்தில் வரும். இந்தியத் தொல்லியல் துறையிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

உச்சிப்புளி: காந்தம் ஒட்டவே இல்லை, அண்ணே.

அப்படியானால் அது இரும்பே இல்லை, அலுமினியத்தில் கறுப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தொண்டி: பணியாரக்கல் மாமியார் வீட்டிலிருந்து வந்ததுதான், ஈயம் உருக்கியதே இல்லையாம். துருவை எடுக்கத் தீயில் போடலாமா?

சரி, அப்படியானால் சுடலாம். தீயில் மட்டும் போடாதீர்கள், கோணிவிடும், விரிசலும் விடும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, உடனே சூடாக்கி ஈரத்தைப் போக்கி, நல்லெண்ணெய் தடவுங்கள்.