ராஜா பெயர் இல்லை, வாத்தியார் பெயர் இருக்கிறது

கேள்வி: சமீபத்தில் போய்வந்த இடங்களில் இன்னும் உங்கள் மனதில் சுற்றிக்கொண்டிருப்பது எது?

குடுமியான்மலை. புதுக்கோட்டையிலிருந்து மணப்பாறை போகும் வழியில் சுமார் 20 கிலோமீட்டர். போன மாதம் சித்தியோடு போயிருந்தேன். சித்தி வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பவர். கல்லில் ஸ்வரம் வெட்டியிருப்பதை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாங்கள் போன நேரம் குடைவரையின் (பாறையைக் குடைந்து செய்த கோயில்) கதவு பூட்டியிருந்தது. காவலர் சாப்பிடப் போயிருந்தார். சரி என்று கோயில் மண்டபத்தில் ரதி, மன்மதன் சிலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ரதியைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

கல்வெட்டு குடைவரையை ஒட்டிய பாறையில் இருக்கிறது. சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட பல்லவ கிரந்த எழுத்து, 38 வரி. மத்தியம கிராமம், சட்ஜ கிராமம் என்று தொடங்கிக் கைசிகம் வரை, பழைய ராகங்களின் பெயரில் ஏழு பகுதிகள். ஒவ்வொன்றிலும் ஸ்வரங்களை நாலு நாலாக அடுக்கியிருக்கிறார்கள். நான் கைபேசியில் வைத்திருந்த தமிழ் எழுத்து வடிவத்தைப் பார்த்துச் சித்தி பாட ஆரம்பித்தார். இரண்டாவது அடுக்கிலேயே நின்றுவிட்டார். ச, ரி, க, ம என்று இருந்தால்தானே? இங்கே ஒரே ஸ்வரம் ச, சி, சு, செ என்று நாலு விதமாக வருகிறது. நுண்ணிய சுருதி வேறுபாடு என்பார்கள் சிலர், தந்தியை மீட்டும் முறை என்பார்கள் சிலர். ஆய்வாளர்களிடம் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய" என்று ஒரு வரி மட்டும் நல்ல தமிழில் இருக்கிறது. எட்டு தந்தி, ஏழு தந்தி வாத்தியங்களைச் சொல்கிறது என்பது ஒரு விளக்கம். பக்கத்திலேயே 'பரிவாதினி' என்று ஒரு வீணையின் பெயரும் வெட்டியிருப்பதால் எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

இதைப் பல்லவ அரசன் மகேந்திரவர்மன் வெட்டியதாகப் பலரும் எழுதுவார்கள். ஆனால் கல்வெட்டில் அரசன் பெயரே கிடையாது. உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன், சிவபக்தன், மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று மட்டும்தான் இருக்கிறது. இதைச் சொன்னதும் சித்திக்கு ஒரே சிரிப்பு. "ராஜா பேரைக் காணோம், வாத்தியார் பேர் இருக்கு பாரு!" என்று காவலரிடமும் ஒருமுறை சொன்னார். அவர் சாவியை ஆட்டிக்கொண்டே தலையாட்டினார்.

திரும்பி வரும்போது பேருந்தில் தொடையில் நாலு நாலாகத் தட்டிக்கொண்டே வந்த சித்தி, அன்னவாசல் தாண்டியதும் சொன்னார்: "இது கச்சேரிக்கு எழுதினது இல்லடா. சரளி வரிசை மாதிரி, பிள்ளைங்க சாதகம் பண்ண எழுதினது." இதற்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. ஆனால் நாற்பது வருடம் சரளி வரிசை சொல்லிக்கொடுத்தவர் சொல்கிறார்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், காவலர் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பு.