யூகானுக்கு டிரெய்லர் கட்டும் முன் எடைமேடைக்குப் போங்கள்

கேள்வி: மதுரை திருநகரில் இருக்கிறோம். மகன் கனடாவில் எட்மன்டனில் வேலை பார்க்கிறான். ஜூன் கடைசியில் நானும் கணவரும் அங்கே போகிறோம். தங்கும் டிரெய்லர் ஒன்றைத் தன் எஸ்யூவியில் கட்டி, மருமகள், ஏழு வயதுப் பேரனோடு எல்லோரையும் அலாஸ்காவுக்குக் கூட்டிப்போகப் போவதாகச் சொல்கிறான். டிரெய்லர் 21 அடி, காலி எடை 1,800 கிலோ. கார் 2,270 கிலோ வரை இழுக்குமாம். தைரியமாகப் போகலாமா? கணவருக்கு இன்சுலின் உண்டு. அவரும் கொஞ்ச தூரம் ஓட்டலாமா? சமையலுக்கு என்ன கொண்டுபோவது?

பதில்: போகலாம். ஆனால் இந்த டிரெய்லரை இந்தக் காரில் கட்டிப் போக வேண்டாம். அலாஸ்கா வரையும் போக வேண்டாம், அதற்கு முன்னால் இருக்கும் கனடாவின் யூகான் பகுதியோடு திரும்பிவிடுங்கள்.

முதலில் எடை. "2,270-ல் 1,800 போனால் 470 கிலோ மிச்சம்" என்றுதான் மகன் கணக்குப் போட்டிருப்பார். விற்பனைத் தாளில் இருக்கும் காலி எடையில் பெரும்பாலும் பேட்டரியும் நிறைந்த கேஸ் சிலிண்டரும் சேர்ந்திருக்காது. தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர் என்றால் 150 கிலோ. இரண்டு சிலிண்டர் 34, பேட்டரி 30. பாத்திரம், படுக்கை, நாற்காலி, மளிகை எல்லாம் 150-க்குக் குறையாது. ஆக மொத்தம் சுமார் 2,165 கிலோ. இழுவை வரம்புக்குள்தான் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில்.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்னவென்று தெரியும். பின்பாரம் ஏறினால் நுகம் தூக்கும், வண்டி நிலைகொள்ளாது. டிரெய்லருக்கும் அதே கதைதான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் ஹிட்ச் (பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்பு) மேல் அழுத்த வேண்டும். அதற்குக் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். 12 சதவீதம் என்று வைத்தால் 2,165 கிலோவுக்கு 260 கிலோ. ஆனால் 2,270 கிலோ இழுக்கும் எஸ்யூவிகள் பலவற்றில் ஹிட்ச் தாங்குவது அதில் பத்தில் ஒரு பங்கு, 227 கிலோதான். வரம்பை இங்கேயே தாண்டியாயிற்று.

அடுத்து, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது என்று போட்டிருக்கும். அது 650 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் 305, ஹிட்ச் பாரம் 260, பாரத்தை முன்சக்கரத்துக்கும் பகிர்ந்து தரும் ஹிட்ச் கருவி 40. மிச்சம் 45 கிலோ. ஐந்து பேர் பெட்டிக்கு அது எந்த மூலைக்கு?

காலி எடை 1,350 கிலோ அளவில் அடுக்குப் படுக்கை வைத்த சின்ன டிரெய்லர்கள் கிடைக்கின்றன. இதே சாமான்களோடு சுமார் 1,715 கிலோ வரும், ஹிட்ச் பாரம் 206. காரில் 99 கிலோவுக்கு இடம் கிடைக்கும். பெரியதுதான் வேண்டும் என்றால் பிக்கப் வண்டிக்கு மாறட்டும். எதுவானாலும் கிளம்புவதற்கு முந்தின நாள் எல்லாவற்றையும் ஏற்றி, எல்லோரும் உட்கார்ந்து, லாரிகள் நிற்கும் இடத்து எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பது கட்டாயம். ஓடும்போது டிரெய்லருக்குள் யாரும் படுத்து வரக் கூடாது. ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா இரண்டிலும் அது சட்டப்படி குற்றம்.

வால் ஆட்டம் வந்துவிட்டால் கால் தானாகப் பிரேக்குக்குத்தான் போகும். அதை அழுத்தினால் கார் நின்று டிரெய்லர் தள்ளும், ஆட்டம் கூடும். ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டாஷ்போர்டில் இருக்கும் டிரெய்லர் பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் நெம்புகோலை மட்டும் கையால் தள்ள வேண்டும். டிரெய்லர் காரைப் பின்னால் இழுத்து நேராக்கிவிடும். காலியான மைதானத்தில் 40 கி.மீ. வேகத்தில் மகன் இதைப் பத்துத் தடவை பழகட்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அழுத்தமாகப் பிடிக்கிற அளவில் அந்தப் பெட்டியைத் திருகி வைக்க வேண்டும்.

டயர் பட்டன் தேயாமலே கிழடாகிவிடும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். ஆறு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். காற்றைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். டிரெய்லர் டயர்கள் பல 105 கி.மீ. வேகத்துக்குத்தான் செய்யப்பட்டவை. 90-ல் போவது நல்லது. சக்கர நட்டுகளை முதல் 80 கி.மீ.யில் ஒரு தடவை, அன்று மாலை இன்னொரு தடவை டார்க் ரெஞ்சால் (விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். வண்டி நிற்கும்போதெல்லாம் சக்கர நடுக் குமிழ்ப் பக்கம் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் சுடுகிறது என்றால் பேரிங் காய்கிறது, அல்லது பிரேக் விடாமல் உரசுகிறது. அடுத்த ஊர் 150 கி.மீ. தள்ளி இருக்கும் பாதையில் இது ஒரு நிமிட வேலை. கழற்றும்போது முதலில் சக்கரத்துக்குக் கட்டை, பிறகுதான் ஹிட்ச்.

இனி பாதை. எட்மன்டனிலிருந்து டாசன் கிரீக் சுமார் 590 கி.மீ. 1942-ல் அமெரிக்க ராணுவம் போட்ட அலாஸ்கா நெடுஞ்சாலை அங்கேதான் தொடங்குகிறது. அங்கிருந்து யூகான் தலைநகர் வைட்ஹார்ஸ் சுமார் 1,420 கி.மீ. மதுரை–சென்னை 460 கி.மீ.யை ஒரே மூச்சில் ஓட்டுகிறவர்களும் டிரெய்லரோடு ஒரு நாளைக்கு 400-க்கு மேல் போக வேண்டாம். ஃபோர்ட் நெல்சன் தாண்டி மஞ்சோ ஏரி வரை மலைப்பாதை. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்கும் அதே முறைதான். ஏறின கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள். உப்பு நக்க வரும் காட்டாடுகள் நடுரோட்டில் நிற்கும். லியார்ட் பக்கம் காட்டெருமை நிற்கும், ஹாரன் அடித்தாலும் அசையாது. டிரெய்லரோடு 100 கி.மீ.க்கு 20 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். பாதி டேங்க் காலியானதும் நிரப்புங்கள்.

அலாஸ்கா வேண்டாம் என்றதற்குக் காரணம் இரண்டு. அங்கே நுழைய அமெரிக்க விசா வேண்டும். மகனுக்குக் கனடா நிரந்தர வசிப்புரிமை அட்டை இருந்தாலும், இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அவருக்கும் வேண்டும். இரண்டாவது, டிஸ்ட்ரக்ஷன் பே என்ற ஊர் தாண்டி எல்லை வரையான பகுதியில் நிலத்தடி உறைபனி உருகி ரோடு அலை அலையாக அமுங்கிக் கிடக்கும். வேகமாகப் போனால் அலமாரி திறந்து பாத்திரம் கொட்டும், ஸ்பிரிங் இணைப்புகள் முறியும். மோசமான ரோடு அங்கேதான். அதற்கு முன்னாலேயே குளுவானி ஏரியையும் பனிமலைகளையும் பார்த்துவிடலாம். திரும்பி வந்து வைட்ஹார்ஸிலிருந்து டாசன் சிட்டிக்கு 530 கி.மீ. வடக்கே போனால் ஜூலை முதல் வாரத்திலும் இரவு இருட்டாது. ஜன்னலை மறைக்கக் கறுப்புத் துணி எடுத்துப்போங்கள், பேரன் தூங்க வேண்டாமா.

உங்கள் கணவர் ஓட்டுவது பற்றி: மதுரை ஆர்டிஓ அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து, 1,000 ரூபாய் கட்டினால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கிடைக்கும், ஒரு வருடம் செல்லும். மகனின் இன்ஷூரன்ஸில் அவர் பெயரைச் சேர்த்தபிறகு, டிரெய்லரைக் கழற்றி நிறுத்திய ஊரில் கார் மட்டும் ஓட்டலாம். வலப்பக்கம் ஓட்டுவதே புதுப் பழக்கம், அதோடு டிரெய்லரையும் சேர்க்க வேண்டாம்.

சமையலுக்கு அரிசி, பருப்பு, கடலை எதையும் மதுரையிலிருந்து கட்டாதீர்கள். தானியத்தைத் தின்னும் கப்ரா வண்டு பரவும் என்று இந்தியாவிலிருந்து பயணிகள் பையில் அரிசி, கொண்டைக்கடலை போன்றவற்றைக் கனடா தடுத்திருக்கிறது. எட்மன்டனிலேயே எல்லாம் கிடைக்கும். டிரெய்லருக்குள் குக்கர் வைத்தால் கூரைத் திறப்பைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் ஆவி சுவரில் வழியும். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு தூங்குவது உயிருக்கே ஆபத்து. வடித்த கஞ்சி, எண்ணெய், கருவேப்பிலை, கடுகு எதையும் சிங்க்கில் ஊற்றாதீர்கள். கழிவுத் தொட்டிக்குப் போகும் குழாய் குறுகலானதுதான், அடைத்தால் ஒரு நாள் போய்விடும். தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். கழிப்பறையில் குவளையும் தண்ணீருமாகப் பயன்படுத்தலாம். ஆனால் தொட்டி சீக்கிரம் நிறையும், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை கொட்ட வேண்டும். கழிப்பறைத் தொட்டியை முதலிலும், பாத்திரம் கழுவிய தண்ணீர்த் தொட்டியைப் பிறகும் திறந்தால் குழாய் தானாகச் சுத்தமாகும். கருவாட்டை மட்டும் இந்தப் பயணத்தில் மறந்துவிடுங்கள், அந்த வாசனைக்குக் கரடி வந்துவிடும்.

இன்சுலின்தான் மிக முக்கியம். டிரெய்லர் பிரிட்ஜ் கேஸில் ஓடும் வகை என்றால், வண்டி சரிவாக நின்றால் சரியாகக் குளிராது. பின்பக்கத் தகட்டை ஒட்டி வைத்தால் மருந்து உறைந்துபோகும். ஒரு தடவை உறைந்த இன்சுலின் பிறகு உதவாது. உள்ளே ஒரு சின்ன வெப்பமானி வையுங்கள், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கட்டும். பாதி மருந்தைத் தனியாக ஒரு குளிர்ப்பையில் காரிலேயே வைத்திருங்கள். எட்மன்டன் நமக்கு பதினொன்றரை மணி நேரம் பின்னால். ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கும் வெயில் அடிக்கும், சாப்பாட்டு நேரம் தள்ளிப்போவதே தெரியாது. கைபேசியில் அலாரம் வைத்து, அடித்ததும் வண்டியை ஓரம் கட்டிச் சாப்பிட வையுங்கள்.