முதல் சொல் எங்கே போகிறது? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: ஐயா, நாங்கள் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ஃபாஸ்டோரியா ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். என் மகனுக்கு ஒன்பது வயது, ரயில் என்றால் உயிர். தான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது ஓடிய ரயில்களின் வயர்லெஸ் பேச்சை மாலையில் வந்து கேட்க வேண்டும் என்கிறான். அவனுக்காக யூனிடன் பிசி125ஏடி கைஸ்கேனர் (பல அலைவரிசைகளை மாறி மாறித் தேடிக் கேட்கும் கையடக்க வானொலி) வாங்கினேன். ஹெட்ஃபோன் துளையிலிருந்து மடிக்கணினிக்கு ஒயர் கொடுத்து, ஆடாசிட்டி மென்பொருளில் ‘ஒலி வந்தால் மட்டும் பதிவு’ என்பதைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். சில நாள் எட்டு மணி நேரமும் ஒரே இரைச்சல்தான் பதிவாகியிருக்கிறது. சில நாள் பேச்சு இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றிலும் முதல் சொல்லைக் காணோம். எந்த ரயில் எப்போது போனது என்றும் தெரியவில்லை. வேறு மென்பொருள் வாங்க வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். கையில் இருப்பதே போதும். உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. அவற்றில் முதல் சொல் போவதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

நான் தெற்கு ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். ஜோலார்பேட்டைப் பக்கம் கன்ட்ரோல் போன் லைனைப் பராமரித்த நாட்களில் என் மூத்தவர் ஒன்றைச் சொல்லிச் சொல்லிப் பதிய வைத்தார். கன்ட்ரோலர் முதலில் உச்சரிப்பது நிலையத்தின் பெயரை. அது விழாவிட்டால் பின்னால் வருகிற உத்தரவு யாருக்கு என்றே தெரியாது. அமெரிக்க ரயில்பாதையிலும் அப்படித்தான். டிரைவர் சிக்னலைச் சொல்லும்போது கம்பெனி பெயரும் ரயிலின் அடையாளமும் முன்னால் வரும், சிக்னல் பின்னால் வரும். முதல் அரை நொடி போனால் ‘கிளியர்’ என்பது மட்டும் மிஞ்சும். எந்த ரயிலுக்குக் கிளியர் என்று உங்கள் மகன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

முதலில் இரைச்சலைப் பார்ப்போம். கணினி, குரல் எது இரைச்சல் எது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஒலியின் அளவை மட்டும் பார்க்கிறது. ஆகவே மௌனம் எது என்று முடிவு செய்ய வேண்டியது ஸ்கேனர்தான். ஸ்க்வெல்ச் (பேச்சு இல்லாதபோது ஒலியை அடைத்துவிடும் அமைப்பு) அளவை இரைச்சல் அடங்கும் இடம்வரை ஏற்றி, அதற்கு மேல் ஒரு படி மட்டும் வையுங்கள். அதிகம் ஏற்றினால் தூரத்து ரயில்கள் போய்விடும். ஸ்க்வெல்ச் மூடிய பிறகும் ஒயரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் இருந்தால், ஸ்கேனருக்கு மின்சாரம் எங்கிருந்து போகிறது என்று பாருங்கள். அதே மடிக்கணினியின் யூஎஸ்பியிலிருந்து மின்சாரமும் எடுத்து, அதற்கே ஒலியையும் கொடுத்தால் இந்த ரீங்காரம் வரலாம். ஸ்கேனரை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் காரணம் அதுதான். கார் ஸ்டீரியோவுக்கு விற்கிற கிரவுண்ட் லூப் ஐசோலேட்டரை நடுவில் போடுங்கள். உள்ளே இருப்பது சின்ன டிரான்ஸ்ஃபார்மர்தான், ஆனால் நம்பி வாங்கலாம்.

மடிக்கணினியில் இருப்பது மைக் துளை. மைக்குக்கு வருவது மிகச் சன்னமான ஒலி என்று நினைத்துக் கணினி அதைப் பெருக்கும். நீங்களோ ஹெட்ஃபோன் ஒலியை ஊற்றுகிறீர்கள். ஸ்கேனரின் ஒலியளவைக் கீழே வைத்து, கணினியின் மைக் பூஸ்டை அணைத்துவிடுங்கள். விண்டோஸில் ‘ஆடியோ மேம்பாடு’ என்று வருகிற எல்லாவற்றையும் அணையுங்கள். மௌனத்தின்போது ஒலியைத் தானாகத் தூக்கிவிடும் வசதி ஒன்று சில கணினிகளில் உண்டு. இரைச்சல் எட்டு மணி நேரம் ஓடுவதற்கு அதுவும் காரணமாகலாம்.

அளவை எதை வைத்துச் சரி செய்வது? ரயில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் நோவா வானிலை வானொலி 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளில் இரவும் பகலும் பேசிக்கொண்டே இருக்கிறது. ரயில்கள் பேசுவது 160 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலிருந்து 161.565 வரை, அதாவது பக்கத்து வீடு. வானிலையைப் போட்டு, ஆடாசிட்டியின் ஒலி மீட்டர் மேல் விளிம்பைத் தொடாதபடி சரிசெய்யுங்கள். பிறகு ரயில் அலைவரிசைக்கு வந்து, மௌனத்தில் மீட்டர் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கொலம்பஸில் மகள் வீட்டில் நான் இருந்தபோது மௌனம் மைனஸ் 58 டெசிபலில் நின்றது, பேச்சு மைனஸ் 12 வரை எழுந்தது. பதிவு தொடங்க வேண்டிய ஒலி அளவை மைனஸ் 45-இல் வைத்தேன். ஆடாசிட்டி தானாக வைத்திருப்பது மைனஸ் 50. உங்கள் மௌனம் அதற்கு மேலே இருந்தால் பதிவு நிற்கவே நிற்காது.

இனி முதல் சொல். ஒரு நாள் ஸ்பீக்கரை வைத்துக் காதால் கேளுங்கள். காதிலும் முதல் சொல் விழவில்லை என்றால் குற்றம் ஸ்கேனருடையது. அந்தக் கருவியில் 500 சேனல்களுக்கு இடம் இருக்கிறது என்பதற்காக நிறைய நிரப்பியிருந்தால், ஒரு சுற்று வருவதற்குள் பேச்சு தொடங்கிவிடும். உங்கள் பகுதியில் ஓடும் பாதைகளின் நான்கைந்து சேனல்களை மட்டும் வைத்து மற்றவற்றை விலக்குங்கள். பேச்சு முடிந்தபின் அதே சேனலில் இரண்டு நொடி காத்திருக்கும் ‘டிலே’யைப் போட்டுவையுங்கள். பதில் சொல்பவர் குரலும் அப்போதுதான் கிடைக்கும்.

காதில் முழுதாக விழுந்து, பதிவில் மட்டும் வெட்டுப்பட்டால் அது மென்பொருளின் வேலை. ஒலி எழுந்த பிறகுதான் அது விழிக்கிறது, விழிப்பதற்குள் ஒரு அசை போய்விடுகிறது. சில பதிவு மென்பொருள்கள் கடைசி ஒன்றிரண்டு நொடிகளை எப்போதும் நினைவில் வைத்திருந்து, குரல் வந்ததும் அதையும் முன்னால் சேர்த்து எழுதும். அப்படி ஒன்று கிடைத்தால் நல்லது. நான் செய்வது வேறு: நாள் முழுவதையும் நிறுத்தாமல் பதிவு செய்துவிட்டு, மாலையில் ஆடாசிட்டியில் ‘ட்ரங்கேட் சைலன்ஸ்’ கொடுத்து மௌனத்தைச் சுருக்குகிறேன். வெட்டு எங்கே விழ வேண்டும் என்று நிதானமாகப் பார்த்து வைக்கலாம். தப்பாக வெட்டினாலும் மூலப்பதிவு இருக்கிறது. குரல் வந்தால் மட்டும் பதியும்போது இழந்ததை எங்கே போய்த் தேடுவது?

இடம் போதாது என்று பயப்படாதீர்கள். ஸ்கேனர் குரலுக்கு 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் கிடையாது. ஒற்றைத் தடம், 16 பிட், நொடிக்கு 8,000 மாதிரி என்று வைத்தால் மணிக்கு 57.6 மெகாபைட்தான். உங்கள் எட்டு மணி நேரத்துக்கு 461 மெகாபைட். 32 கிலோபிட் எம்பி3 ஆக மாற்றினால் மணிக்கு 14.4 மெகாபைட்டாகச் சுருங்கும்.

நேரம் தெரியாமல் போனதற்கும் இந்த முறைதான் மருந்து. ஒலி வந்தால் மட்டும் பதியும்போது ஆடாசிட்டி மௌனத்தை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே தடமாக ஒட்டிவிடுகிறது, மணி அங்கேயே தொலைந்துவிடும். நிறுத்தாமல் பதிந்தால் தொடங்கிய நேரம் ஒன்று போதும், மீதியைச் சுருக்காத மூலப்பதிவில் எண்ணிக்கொள்ளலாம். கணினிக் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். கணினி தூங்கிப்போகாதபடி மின்சேமிப்பையும் அணைத்திருக்க வேண்டும். கோப்புக்கு ஆண்டு, மாதம், தேதி, மணி என்ற வரிசையில் பெயர் வையுங்கள், தானாக அடுக்கி நிற்கும்.

உங்கள் மகனுக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். தண்டவாளத்தின் ஓரத்தில் சில மைல்களுக்கு ஒன்றாக டிடெக்டர்கள் இருக்கின்றன. ரயில் கடக்கும்போது சக்கரத் தாங்கிகளின் சூட்டை அகச்சிவப்புக் கதிரால் அளந்து, பலவும் தாமே வயர்லெஸில் பேசும்: கம்பெனி பெயர், மைல் எண், ‘நோ டிஃபெக்ட்ஸ்’, மொத்த அச்சுகளின் எண்ணிக்கை. மனிதர் யாரும் பேசாத நேரத்திலும் இந்த இயந்திரக் குரல் ஒவ்வொரு ரயிலுக்கும் சாட்சி சொல்லும். அச்சுகளை எழுதிக்கொண்டே வந்தால் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது போனவற்றில் நீள ரயில் எது, குட்டி ரயில் எது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். உங்கள் ஒஹாயோவிலேயே ஈஸ்ட் பாலஸ்தீன் ஊரில் 2023 பிப்ரவரி 3 இரவு ஒரு ரயிலின் 38 பெட்டிகள் தடம் புரண்டனவே, அங்கும் சூடேறிய ஒரு தாங்கியைப் பற்றிக் கடைசியாக எச்சரித்தது இப்படிப்பட்ட ஒரு கருவிதான். அதன் பேச்சை ஒரு குழந்தை கவனித்துக் கேட்கிறது என்பதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை நான். சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வரும் ஒலியைப் பிள்ளைகளுக்குப் பதிவு செய்து காட்ட ஆசை. குரல் வந்தால் பதியும் மென்பொருளைப் பயன்படுத்தலாமா? ஸ்கேனர் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டுமா?

பதில்: அம்மா, அனுமதியை முதலில் பேசிவிடுவோம். இங்கே காவல்துறை, ரயில்வே, விமானப் பேச்சுகளைப் பொதுமக்கள் பிடித்துக் கேட்க அனுமதி கிடையாது. அமெரிக்க வாசகருக்குச் சொன்னதை இங்கே செய்துபார்க்க வேண்டாம். உங்கள் மாவட்டத்தில் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் பெற்றவர் ஒருவரைப் பள்ளிக்கு அழையுங்கள். கருவியையும் அவரே கொண்டு வரட்டும். நீங்களும் தேர்வு எழுதி உரிமம் வாங்கிவிடுங்கள். மோர்ஸ் தந்திக் குறியீடு தெரியாமலும் எழுதக்கூடிய நிலை ஒன்று இருக்கிறது.

விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. உங்கள் ஊர் வானத்தில் அதிகம் போனால் பத்து நிமிடம் இருக்கும். தொடுவானத்தில் எழும்போது குரல் இரைச்சலோடு இரைச்சலாகத்தான் வரும். ஸ்க்வெல்ச் போட்டால் அந்தப் பகுதி முழுதும் போய்விடும், குரலுக்குக் காத்திருக்கும் மென்பொருளும் ஏமாந்துபோகும். ஆகவே இங்கே ஸ்க்வெல்ச்சைத் திறந்துவிட்டு, நிலையம் எழுவதற்கு இரண்டு நிமிடம் முன்பே பதிவைத் தொடங்கி, மறைந்தபின் நிறுத்துங்கள். பத்து நிமிடப் பதிவில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

சில நாட்களில் நிலையம் படமும் அனுப்பும். ஒலியின் சுருதி ஏறி இறங்குவதையே படமாக மாற்றுவார்கள், ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும். நடுவில் அரை நொடி வெட்டுப்பட்டாலும் அதற்குக் கீழே உள்ள கோடுகள் எல்லாம் இடம் விலகிவிடும். படம் வரும் நாளில் ‘குரல் வந்தால் பதிவு’ என்ற வசதியைக் கட்டாயம் அணைத்திருக்க வேண்டும். அலைவரிசை நிலையம் நெருங்கும்போது மூன்று கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கூடியும், விலகும்போது அதே அளவு குறைந்தும் ஒலிக்கும். ரயில் விசில் மாறுவதைப் போலத்தான் என்று சொன்னால் பிள்ளைகள் டாப்ளர் பாடத்தை மறக்க மாட்டார்கள்.

கேள்வி: டெக்சஸில் இருக்கிறேன். ஸ்கேனரில் பதிவான தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பேச்சுகளை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

பதில்: போடாதீர்கள். மறைகுறி இல்லாத பொதுப் பாதுகாப்புப் பேச்சைக் கேட்பது அமெரிக்காவில் பொதுவாகத் தடையில்லை. செல்போன் பேச்சை ஒட்டுக்கேட்பது 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பிறருக்காக அனுப்பிய பேச்சைப் பிடித்து வெளியிடுவதற்கு 1934-ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டத்திலேயே கட்டுப்பாடு இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். ஆம்புலன்ஸ் பேச்சில் ஒருவரின் வீட்டு எண், வயது, மார்பு வலியா மயக்கமா என்பது வரை வருகிறது. அந்த வீட்டுக்காரர் உங்கள் குழுவிலேயே இருக்கலாம். பயிற்சிக்காகப் பதிந்திருந்தால் கேட்டு முடித்ததும் அந்தக் கோப்புகளை அழித்துவிடுங்கள். ஸ்கேனரில் ஆம்புலன்ஸ் சேனலைப் பதிவுப் பட்டியலிலிருந்து விலக்கிவிட்டால் அந்த வேலையும் மிச்சம்.