மந்திரிசபையில் ஒரு ‘மற்றும்’

கேள்வி: ஆட்சி மாறும்போதெல்லாம் அமைச்சகங்களைப் பிரிப்பது மற்றும் இணைப்பது எதற்காக? இதனால் மக்களுக்கு என்ன லாபம்? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: கோவில்பட்டிக்காரரே, கேள்வி நல்ல கேள்விதான், ஆனா நடுவுல ஒரு ‘மற்றும்’ போட்டீங்க பாருங்க, அங்கயே எனக்கு பிபி ஏறிடுச்சு. ‘பிரிப்பதும் இணைப்பதும்’னு எழுதினா என்ன குறைஞ்சிடும்? ஹோட்டல்ல போய் ‘ரெண்டு இட்லி மற்றும் ஒரு வடை’ன்னு கேட்டுப் பாருங்க, சப்ளையர் உங்களை ஏற இறங்க பாப்பார். இந்த வார்த்தைக்கும் எனக்கும் இருபது வருஷத்துப் பகை. எங்க ப்ரூஃப் பாக்குற அண்ணாச்சியும் நானும் பேசிக்காததுக்கே இதுதான் காரணம், நான் வெட்டுவேன், அவர் பிரஸ்ஸுக்கு போறதுக்கு முன்னாடி திரும்ப ஒட்டிடுவார்.

ஆனா யோசிச்சுப் பாத்தா உங்களுக்கு பதில் அந்த மற்றும்குள்ளயேதான் இருக்கு. கப்பல் துறையையே எடுத்துக்குங்க. 1985ல ராஜீவ் காந்தி ரயில், விமானம், ரோடு, கப்பல் எல்லாத்தையும் ஒரே போக்குவரத்து அமைச்சகமா சேத்தார், அடுத்த வருஷமே அது கலைஞ்சுது. ரோடும் கப்பலும் மட்டும் தரைவழிப் போக்குவரத்துங்கிற பேர்ல ஒண்ணா கிடந்துச்சு (கப்பல் எப்படி தரைவழியில போகும்னு அப்ப யாரும் கேட்டதா தெரியல). 2000ல ரெண்டையும் பிரிச்சாங்க, 2004ல சேத்தாங்க, 2009ல மறுபடி பிரிச்சாங்க. சரி, பிரிச்சது பிரிச்சதா இருந்துச்சான்னா, 2014ல ரெண்டையும் தூக்கி நிதின் கட்கரி ஒருத்தர் கையிலயே குடுத்துட்டாங்க, பாகம் பிரிச்ச வீட்டுல ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ஆளு வாடகைக்கு வந்த மாதிரி!

அந்த 2004 சேர்க்கை இருக்கே, அது தனிக்கதை. சந்திரசேகர் ராவ், பின்னாடி தெலங்கானா முதல்வர் ஆனாரே அவரேதான், அவருக்குதான் முதல்ல கப்பல் துறை குடுத்தாங்க. திமுக அது எங்களுக்குன்னு சொன்ன இலாகா, அது வராம பொறுப்பேத்துக்க மாட்டோம்னு உக்காந்துடுச்சு. ராவ் மூணு நாளு கூட அந்த சீட்ல சரியா உக்காரல, விட்டுக்குடுத்துட்டார். திமுகவோட டி.ஆர்.பாலு கையில ரோடு மற்றும் கப்பல். இப்ப புரியுதா மற்றும் எங்க இருந்து வருதுன்னு? நிர்வாக சீர்திருத்தம், கமிட்டி ரிப்போர்ட்டுன்னு எல்லாம் நெனச்சுக்காதீங்க, கூட்டணிக் கணக்கு அது. சேது சமுத்திரம் கால்வாய் திட்டம் கப்பல் துறையிலதானே இருந்துச்சு, அதை 2005ல பிரதமரை வச்சு கடலே இல்லாத மதுரையில தொடங்கி வச்சாங்க, அதைப் பத்தி இன்னொரு நாள் எழுதுறேன், எழுத நெறைய இருக்கு.

இதுக்கெல்லாம் பார்லிமென்ட்டுல ஓட்டெடுப்பு நடக்கும்னு நெனச்சீங்கன்னா இல்ல. 1961ல போட்ட அலுவல் ஒதுக்கீட்டு விதிகள்னு ஒண்ணு இருக்கு, பிரதமர் சொல்ல ஜனாதிபதி பேர்ல ஒரு அறிவிக்கை வரும், முடிஞ்சுது. ராத்திரி ஒரு அமைச்சகத்துல தூங்கப் போன ஃபைல் காலையில வேற அமைச்சகத்துல முழிக்கும்.

இன்னொரு காரணம் அரசியலமைப்புச் சட்டத்தோட 91வது திருத்தம். 1997ல உத்தரப் பிரதேசத்துல கல்யாண் சிங் 93 பேரை மந்திரி ஆக்கினார், அந்த மாதிரி ஜம்போ கூத்துக்கு எல்லாம் மூடி போடத்தான் 2003ல சபையில 15 சதவீதத்துக்கு மேல மந்திரி கூடாதுன்னு கொண்டு வந்தாங்க. நல்ல சட்டம், நான் குறை சொல்லல. ஆனா தலை குறைஞ்சா தலைக்கு மேல சுமை கூடும்ல, ஒரு மந்திரி பேருக்குப் பின்னாடி மூணு மற்றும் வரும்.

2014ல நீர்வளம், நதிகள் மேம்பாடு மற்றும் கங்கை புத்துயிர்ப்பு அமைச்சகம்னு வச்சாங்க, விசிட்டிங் கார்டு ரெண்டு பக்கம் அடிக்கணும். 2019ல ஜல் சக்தின்னு சுருக்கினாங்க. மற்றும் ஒழிஞ்சுது, கூடவே தமிழும் ஒழிஞ்சுது. கல்வியை 1985ல மனிதவள மேம்பாடு ஆக்கி, 35 வருஷம் கழிச்சு 2020ல திரும்ப கல்வின்னே வச்சாங்க. அவங்க தூக்கிப் போட்ட மனிதவளத்தை அடுத்த வருஷமே நம்ம கோட்டையில எடுத்து, பணியாளர் நிர்வாக சீர்திருத்தத் துறைக்கு மனிதவள மேலாண்மைத் துறைன்னு மாட்டிட்டாங்க. அதே 2021ல வேளாண்மை - உழவர் நலத்துறைன்னு நடுவுல வெறும் கோடு மட்டும் போட்டாங்க பாருங்க, அதை யோசிச்ச ஆபீசர் யாரோ, அவர் இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு. அண்ணாச்சி அந்த செய்தியிலயும் மற்றும் சேத்துட்டார்ங்கிறது வேற விஷயம்.

மக்களுக்கு லாபமா? போர்டு எழுதுறவருக்கு லாபம். நான் போன வருஷம் குடுத்த ஒரு மனு, துறை பேரு பழைய பேரா இருக்குன்னு திரும்பி வந்துச்சு. எந்த ஆபீஸ்னு சொல்ல மாட்டேன், திரும்ப அங்கதான் போகணும்.

எனக்குப் பிடிச்சது இலாகா இல்லாத மந்திரிதான். அதுல நம்ம ஆளுங்களை அடிச்சுக்க முடியாது. 1950ல நேரு மந்திரிசபையில ராஜாஜி, 1962ல டி.டி.கிருஷ்ணமாச்சாரி, உடம்பு முடியாம இருந்தப்ப முரசொலி மாறன், இங்க 2023ல கைதானதுக்கு அப்புறம் செந்தில் பாலாஜி. கப்பலை விட்டுக்குடுத்த சந்திரசேகர் ராவும் 2004 நவம்பர்ல தொழிலாளர் துறை கிடைக்கிற வரைக்கும் அப்படித்தான் இருந்தார். காரணம் ஆளாளுக்கு வேற, ஆனா லெட்டர்பேடு எவ்வளவு சுத்தமா இருந்திருக்கும்!

இந்தப் பதில்ல எத்தனை மற்றும் இருக்குன்னு எண்ணி எழுதுறவங்களுக்குப் பரிசு எதுவும் கிடையாது. போன தீபாவளிக்கு அறிவிச்ச காலண்டரையே இன்னும் அனுப்பல.